பிளேசர் பிறந்தது கப்பலில் அல்ல, ஆற்றில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பள்ளிச் சீருடைகள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஊட்டி கான்வென்ட் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் வந்து இறங்கிய பிறகும் பிளேசரைக் கழற்றாமல் வேர்த்து வழிவதை எழுதியிருந்த இடம் அச்சு அசல். ஆனால் 'பிளேசர்' என்ற பெயர் வந்த கதைதான் இடிக்கிறது. விக்டோரியா ராணி வருகிறார் என்று 'எச்.எம்.எஸ். பிளேசர்' கப்பலின் தலைவர் மாலுமிகளுக்குக் கோடு போட்ட கோட்டு தைத்துக் கொடுத்தார் என்பது நெடுநாளாகச் சுற்றிவரும் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உரிமைக்காரர்கள் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் படகோட்டிகள்.

1825இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தின் பெயர் லேடி மார்கரெட் போட் கிளப். ஏழாம் ஹென்றியின் தாயாரும் கல்லூரி உருவாகக் காரணமானவருமான மார்கரெட் சீமாட்டியின் பெயர் அது. அவர்கள் அணிந்த ஃபிளானல் கோட்டு நெருப்புச் சிவப்பு. ஆங்கிலத்தில் 'பிளேஸ்' என்றால் தழல்; தழல் மாதிரி கண்ணைப் பறித்ததால் பிளேசர். 1889 ஆகஸ்டில் லண்டன் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை கறுப்பும் சிவப்பும் கோடு போட்ட கோட்டைப் பிளேசர் என்று எழுதிவிட, ஒரு வாசகர் உடனே ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்: பிளேசர் என்றால் லேடி மார்கரெட் சங்கத்தின் சிவப்புக் கோட்டுதான், தான் படித்த காலத்தில் வேறெதையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று. ஆக, இந்தப் புகாரை எழுதும் முதல் ஆள் நானில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகள் அங்கே வேறொரு கல்லூரியில் படித்தாள். துடுப்பை அதற்கு முன் தொட்டதே இல்லை. அங்கு அது ஒரு தடையும் இல்லையாம். போன முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். குளிர்காலம் முழுக்க இருட்டு விடியுமுன் ஆற்றங்கரையில் நின்றாள். கல்லூரியின் மூன்றாவது படகில் இடம் கிடைத்தது. கல்லூரிகளுக்கு இடையிலான மே பம்ப்ஸ் படகுப் பந்தயம் பார்க்க வா என்று கூப்பிட்டாள். மே பம்ப்ஸ் நடப்பது ஜூன் மாதத்தில். ஆடித் தள்ளுபடியை ஆனியிலேயே ஆரம்பிக்கிற ஊர்க்காரன் நான், மறுபேச்சுப் பேசாமல் போனேன்.

கேம் ஆறு ரொம்பக் குறுகல். படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டி போட இடமில்லை. அதனால் ஒன்றின் பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரைப் படகு நீளம் விட்டு வரிசையாக நிறுத்துகிறார்கள். பீரங்கி வெடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். முன்னால் போகிற படகைத் தொட வேண்டும், பின்னால் வருகிறவன் தொடுமுன் தப்பிக்கவும் வேண்டும். தொட்டுவிட்டால் மறுநாள் இரண்டு படகும் இடம் மாறும். நாலு நாள் இப்படி. கடைசி நாள் நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த வருஷம் தொடங்க வேண்டும். அண்ணன் பட்ட கடன் தம்பி தலையில் என்பது போல, இந்த வருஷத்துப் பிள்ளைகள் கோட்டைவிட்டதை அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

ஃபென் டிட்டன் கிராமத்துப் புல்வெளியில் நின்று பார்த்தபோதுதான் இதிலுள்ள குரூரம் புரிந்தது. துடுப்புப் போடுகிற எட்டுப் பேரும் பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தாங்கள் துரத்துகிற படகு அவர்கள் கண்ணில் படாது, சுக்கான் பிடிக்கிற காக்ஸுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களைத் துரத்தி வருகிற படகோ முகத்துக்கு நேரே வளர்ந்துகொண்டே வரும். கரையோரம் சைக்கிளில் கூடவே வருகிறவர்கள் தங்கள் படகு நெருங்க நெருங்க விசில் ஊதுகிறார்கள். ஒரு படகு நீள இடைவெளி என்றால் ஒரு விசில், அரை நீளத்துக்கு இரண்டு, கால் நீளத்துக்கு மூன்று. மூன்று விசில் கேட்டபோது என் மகளின் முகத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வன்றுகூட அப்படி இருந்ததில்லை. தொட்டவர்கள் கரையில் ஒதுங்கி வில்லோ மரக் கிளையை ஒடித்துத் தலையில் செருகிக்கொண்டு கூத்தாடினார்கள். இவர்கள் பேசாமல் திரும்பி வந்தார்கள்.

படகின் மூக்கில் சின்ன ரப்பர் பந்து ஒன்று இருந்தது. விளையாட்டுக்கு வைத்ததல்ல. 1888 பந்தயத்தில் ஒரு படகின் கூர்முனை பாய்ந்து மாணவர் ஒருவர் இறந்த பிறகு வந்த கட்டாயம். செயின்ட் ஜான்ஸ் படகில் கத்தியைக் கட்டி ஆளைக் கொன்றதால்தான் கல்லூரியின் பெயரைப் பயன்படுத்தத் தடை விழுந்து 'லேடி மார்கரெட்' ஆனது என்றும் அங்கே ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டாம், உங்கள் கப்பல் கதைக்கு அது தங்கச்சி.

நாலு நாளும் முன்படகைத் தொட்டவர்களுக்குப் பெயர் பொறித்த துடுப்பு. நாலு நாளும் பின்படகிடம் மாட்டியவர்களுக்குக் கரண்டி, அதாவது 'ஸ்பூன்ஸ்' என்ற பட்டம். என் மகளின் படகுக்குக் கரண்டிதான். கேம்பிரிட்ஜில் கரண்டிக்குக் கௌரவமான பூர்வீகம் உண்டு. கணிதத் தேர்வில் தேறியவர்களில் கடைசியாக வந்தவருக்குச் சக மாணவர்கள் பெரிய மரக்கரண்டி கொடுப்பார்கள். நம் ராமானுஜனை வரவழைத்த ஹார்டி போன்றவர்கள் தர வரிசையே வேண்டாம் என்று போராடி அதை ஒழித்தார்கள். 1909இல் கடைசிக் கரண்டியை வாங்கியவர் ஹோல்ட்ஹவுஸ். அவர் யார் என்கிறீர்கள்? லேடி மார்கரெட் சங்கத்துப் படகோட்டி. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான அந்தக் கரண்டியின் பிடியே துடுப்பு மாதிரி இருக்கும்.

மகள் போனில் அழுததைக் கேட்ட என் மனைவி, மறுவாரமே கொட்டாங்குச்சி அகப்பை ஒன்றைப் பார்சலில் அனுப்பிவைத்தாள். அது அந்தக் கல்லூரியின் படகுக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்