நியூயார்க்குக்கு எந்த வழி?

அன்புள்ள ராமு,

தாத்தா ஆகிவிட்டாய்! உன் கடிதம் வருவதற்கு முன்பே மூர்த்தி போன் போட்டுச் சொல்லிவிட்டான். அவன் வாயில் எது நின்றிருக்கிறது? மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். சரி, பேரனைப் பார்க்க நியூயார்க் போகிற உன் பயணக் கணக்குக்கு வருகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,350 கிலோமீட்டர், மணிக்கு 900 என்றால் 17 மணி நேரம்தானே, விமான அட்டவணையில் ஏன் 18 மணி 40 நிமிடம் என்று கேட்டிருக்கிறாய். வகுப்பில் கேட்டது போலவே கேட்கிறாய், விடமாட்டாயே! ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் அந்த நேரத்தில் சேர்த்தி. அப்புறம், 15,350 என்பது பூகோள உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம். விமானம் அந்த நூலோடு ஒட்டிப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக பலத்த காற்று ஓடுகிறது. அது முதுகில் தள்ளுமென்றால், தூரம் கூடினாலும் பசிபிக் பக்கமாகவே சுற்றிப் போவார்கள். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று தள்ளியதில் நியூயார்க்கிலிருந்து ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகிற வழி!

காற்று விட்டாலும் மனிதன் விடவேண்டுமே. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலே பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் ரஷ்ய வான்வழி மூடியதும் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இதெல்லாம் பேசப்பேச எனக்கு இனிக்கும். ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனாயே, உன்னோடு வரப்போகிற தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. ஆபரேஷன் ஆன கால் என்றால் இன்னும் அதிகம். இதில் 18 மணி நேரம் ஒரே மூச்சில் எதற்கு?

ஜெர்மனியின் பிராங்பர்ட் வழியாகப் பார். அங்கே வரை சுமார் 10,300, அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. நேர்வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல். மொத்தம் 24 மணி நேரத்தை ஒட்டி வரும். ஆனால் நடுவில் இறங்கி, விமான நிலையத்தில் நாலு எட்டு நடக்கலாம். நேரடி விமானத்தில் நள்ளிரவு ஏறினால், நியூயார்க் கடிகாரம் பின்தங்கி ஓடுவதால் அதே தேதி விடியற்காலையில் இறங்கலாம் என்பது உனக்கு ஆசையாக இருக்கும், தெரியும். அந்த வேடிக்கையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்.

எந்த வழியானாலும் நடைபாதை ஓரத்து இருக்கை அவளுக்கு. டிக்கெட் போடுவதற்கு முன் டாக்டரைக் கேள். அவர் சொன்னதை எனக்கு உடனே எழுது.

உன்,
கோபால்