கடல் பனி வெயிலுக்குக் கலையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மூடுபனி பற்றிய கட்டுரையைப் படித்தேன். வெயில் ஏறும்வரை காத்திருந்தால் பனி தானாகக் கலைந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். உள்நாட்டுப் பனிக்கு அது சரி. கடற்கரையில் குடியிருப்பவர்கள் அதை நம்பி உட்கார்ந்தால் நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான்.

உள்நாட்டில் இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து பனி மூடுகிறது. காலை வெயிலில் தரை சூடானதும் போய்விடும். எங்களுக்கு வருவது கடலில் பிறந்த பனி. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த நீரின் மேல் நகரும்போது உண்டாகி, காற்றோடு சேர்ந்து கரையேறுகிறது. கடல் வெயிலுக்கு அத்தனை சீக்கிரம் சூடேறாது. அதனால் இந்தப் பனிக்கு இரவு, பகல் கணக்கில்லை. பல நேரம் காற்று திசை மாறினால்தான் விலகும். குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும், கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து பக்கம் கோடையில்தான் பனி அதிகம் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

ஒருநாள் மதியம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். நல்ல வெயில். தொலைவில் கடல் மேல் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. நாலாவது சட்டையைக் கொடியிலிருந்து உருவுவதற்குள் அதே மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காணோம்! காய்ந்த துணி மறுபடி ஈரம். கேட்டில் துரு ஏறுவதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

சாலையில் நான் பார்க்கும் பெரிய தப்பு, பனியைக் கண்டதும் பிரைட் லைட்டைப் போடுவது. அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மில் வைத்து மெதுவாகப் போவதே மேல். செல்போன் வரைபடம் வழி காட்டுகிறதே என்று வேகம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். முன்னால் நிற்கும் லாரியை அது காட்டாது.

கருவியை நம்பி வேகம் குறைக்காத கதை பழையதுதான். 1956 ஜூலையில் அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, மூடுபனி சூழ்ந்த கடலில் ஆன்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதின. ஒன்றையொன்று ரேடாரில் பார்த்த பிறகும்தான் மோதின. 51 பேர் இறந்தார்கள். ரேடார் இருந்தாலும், பனியில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நீளமாக ஹாரன் அடித்தாக வேண்டும் என்பது இன்றைக்கும் சர்வதேச விதி. அப்புறம், அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதிலும் பனியில் காது ஏமாந்துவிடும்.

காத்திருந்தால் கலைந்துவிடும் என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்