நம்பக்கூடிய வாக்கியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சுகள் தொடங்கிவிடுகின்றன. 'நான் வெற்றியாளன்' என்று கண்ணாடி முன் தினமும் சொல்லச் சொல்கிறார்கள். ஏற்கெனவே துவண்டிருக்கும் பிள்ளையை இது இன்னும் சோர்வாக்கலாம். தன்மதிப்பு குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவர்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மனநிலை மோசமாகிறது என்று 2009-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாய் சொல்வதை மனம் நம்புவதில்லை. 'போன பரீட்சையில் என்ன ஆச்சு?' என்று உடனே கேட்டுவிடுகிறது.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறை வேறு வழியில் போகிறது. எண்ணத்தை விரட்டாமல் விசாரிக்கிறது. அதற்கு ஒரு நோட்டு போதும். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, அதற்குச் சாட்சி என்ன, மாற்று வாக்கியம் என்ன என்று பக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும்.

பிளஸ் டூ மாணவி ஒருத்தி 'எனக்குக் கணக்கே வராது' என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டு விடைத்தாளை எடுத்துப் பார்க்கட்டும். 20 ஒரு மதிப்பெண் வினாக்களில் 15 சரி. ஐந்து மதிப்பெண் கணக்குகளில்தான் சறுக்கல், அதிலும் தொகை நுண்கணிதத்தில். அப்படியானால் மாற்று வாக்கியம் இது: 'தொகை நுண்கணிதத்தில் தடுமாறுகிறேன்; இன்று அதில் மூன்று கணக்கு போடுவேன்.' இதை எவ்வளவு நம்புகிறாள் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 50-க்குக் கீழே வந்தால் வாக்கியத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று பொருள்; திருத்தி எழுத வேண்டும். பழைய எண்ணத்தின் மீதான நம்பிக்கை 90-லிருந்து 60-க்கு இறங்கினாலே பெரிய விஷயம், பூஜ்யம் ஆக வேண்டியதில்லை.

பலரும் தவறுவது இரண்டாவது கட்டத்தில். 'பயமா இருக்கு' என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி. அந்தப் பயம் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் விசாரிக்க ஒரு வாக்கியம் கிடைக்கும். இன்னொன்று, மனதுக்குள்ளேயே செய்து பார்ப்பது. எழுதாவிட்டால் யோசனை சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

'செத்துப்போகலாம்' என்ற எண்ணம் வந்தால் நோட்டை நம்பி உட்காரக் கூடாது. பெற்றோர் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான 'டெலி மானஸ்' (எண் 14416) இலவசம். 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணையும் நான்கு கட்ட மாதிரிப் பக்கம் ஒன்றையும் தங்கள் தேர்வு வழிகாட்டிப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— பள்ளி மனநல ஆலோசகர், திருச்சி