புதன்கிழமைப் பட்டறை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பாடசாலையிலிருந்து கடிதம் வந்தாலே காசு கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். இந்த முறை ஒரு சதமும் வேண்டாம். பிள்ளைகள் சாமான் செய்தும் திருத்தியும் பழகும் பட்டறைக்குப் புதன்கிழமைகளில் பிள்ளையின் இரண்டு மணித்தியாலமும், வீட்டு மூலையில் கிடக்கும் பழுதான சாமான்களும் போதும்.

நமது தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவதை நான் உட்பட எல்லோரும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாராவது கத்தினால் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் தரம் 12 மாணவி ஒருத்தி ஒரு நாள் கொப்பியோடு என் அறைக்கு வந்தாள். நமது மோட்டார் ஒரு குதிரைவலு, அதாவது 746 வாட்டு. தினமும் 40 நிமிடம் சும்மா ஓடினால் கிட்டத்தட்ட அரை அலகு மின்சாரம் வீண். "சேர், நாங்களே ஒரு மிதவை செய்யட்டோ?" என்று கேட்டாள்.

செய்தார்கள். வெறும் பிளாஸ்ரிக் போத்தல்தான் மிதவை. தண்ணீர் ஏற அது ஏறி ஒரு சிறிய சுவிற்சைத் தட்டும். சுவிற்ச் ரிலேயை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிற்ச்) விடுவிக்க, மோட்டார் நிற்கும். பிள்ளைகள் கை வைத்தது 12 வோல்ற்றுப் பகுதியில் மட்டும். 230 வோல்ற்று இணைப்பை ஆசிரியரே செய்தார். இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். முதல் நாள் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஏற்கனவே நிரம்பியிருந்த தாங்கிக்கு மோட்டார் உற்சாகமாக ஓடத் தொடங்கியது. தரம் 6 வகுப்பு வாசலில் வெள்ளம். காலைக் கூட்டத்தில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடமானது. பிழை எங்கே என்று அவர்களே தேடிப் பிடித்தார்கள். ஆசிரியருக்கு முதலே தெரியும், வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. பௌதிகவியல் ஆசிரியை பிள்ளைகளோடு நின்று வெல்டிங் பழகுகிறார். தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் போட்டாயிற்று. சைக்கிள் திருத்தும் மூலை ஒன்றும் உண்டு.

அந்த மூலையால்தான் ஒரு தாய் என்னிடம் கோபப்பட்டார். "பிள்ளையை இஞ்சினியராக்க அனுப்பினால் சைக்கிளுக்கு ஒட்டுப் போடப் பழக்கிறியள்" என்றார். அவர் கோபம் நியாயமானது. நாங்கள் முதலே விளக்கியிருக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போக உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் கணிதப் பிரிவு வேண்டும். 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்களுக்குத் தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அறிவியல் நகரிலும் உண்டு, வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பெறுபேறு சரிவராவிட்டாலும் அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் வீட்டில் கனவு காணாதீர்கள், வந்து கேளுங்கள். பொறியியல் தொழில்நுட்பவியலுக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஸ்பானர் பிடிக்காத கை அங்கே திணறும்.

சரி, இனிச் சாமான் விஷயம். பழைய மின்விசிறி, ஓடாத தண்ணீர்ப் பம்பி, றேடியோ, தையல் இயந்திரம் எதுவானாலும் கொடுத்து அனுப்பலாம். திருத்தினால் திரும்பி வரும், முடியாவிட்டால் பிரித்துப் படிப்போம். ஆனால் வீட்டில் வாங்கிப் பாவித்த சாமான் மட்டும். வயலிலோ காட்டோரத்திலோ கிணறு இறைக்கும்போதோ கண்டெடுத்த இரும்புத்துண்டு ஒன்றுகூட, எவ்வளவு சிறியதானாலும், பாடசாலை வாசலுக்கு வரக்கூடாது. அதைத் தொடவும் வேண்டாம். கண்டால் உடனே கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். மிதிவெடி அகற்றிய காணி என்று நம்பியும் எடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பட்டறை 1.30க்குத் தொடங்கி 3.30க்கு முடியும். இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். குளக்கட்டுப் பாதையில் மாலையில் யானை இறங்குவதால் மறுத்துவிட்டேன். அந்தப் பக்கப் பிள்ளைகளைத் தனியே விடமாட்டோம். யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும். சப்பாத்துக் கட்டாயம். தலைமயிரை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள், சுழலும் இயந்திரம் பின்னலைப் பார்த்து நிற்காது.

கீழே உள்ள துண்டில் சம்மதத்தை எழுதி வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அப்பா அம்மா வெளியூரில் என்றால் அம்மம்மாவின் கையொப்பம் போதும். கைநாட்டும் ஏற்போம்.

இப்படிக்கு,
அதிபர்