செயலாளரின் ஆண்டறிக்கை: இசைப்பிரிவும் ஜாஸ் இசைத்தாள்களும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், தீபாவளி ஒன்றுகூடல்கள் நல்லபடியாக நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இசைப்பிரிவு இவ்வாண்டு கையில் எடுத்த வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்: ஜாஸ் ஸ்டாண்டர்டுகளை, அதாவது ஜாஸ் கலைஞர்கள் பலரும் திரும்பத் திரும்ப வாசிக்கும் புகழ்பெற்ற பாடல்களை, தனிப் பியானோவில் வாசிப்பது.

தொடங்கியபோது நம்மிடம் இருந்தவை லீட் ஷீட்டுகள் மட்டுமே. மெட்டு ஒரு வரி, அதற்கு மேல் கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) பெயர், அவ்வளவுதான். பேஸ் (bass) வாத்தியமும் டிரம்ஸும் கூட இருந்தால் அது போதும். தனியாக உட்கார்ந்தால் இரண்டு வேலையும் இடது கை தலையில் விழுகிறது. வீணை படித்த அக்கா ஒருவர், "கீர்த்தனைக்கு ஸ்வரம் எழுதி வைத்த மாதிரிதானே, சங்கதி நாம்தான் போடணும்" என்றார். சரிதான், ஆனால் என்ன சங்கதி போடுவது என்று தெரியாமல் பல வாரம் தடுமாறினோம். அப்புறம்தான் இரு கைக்கும் முழுதாக எழுதிய தாள்களைத் தேடிப் போனோம். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கின் நூலகம் பெரிதும் உதவியது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தம் 18 பாடல்களைத் தாமே பியானோவுக்கு எழுதி 1932இல் வெளியிட்ட தொகுப்பை ஆசையோடு திறந்தோம். நமக்கு அது இன்னும் எட்டாத உயரம். ஜோசப் கோஸ்மா 1945இல் மெட்டமைத்த 'ஆட்டம் லீவ்ஸ்' கைக்கு இணங்கியது. ஏ மைனர் செவன் என்ற கார்டுக்கு இடது கையில் ஏ, ஜி இரண்டே சுரம். அடுத்து டி செவனுக்கு டி, எஃப் ஷார்ப். மேலிருந்த ஜி அரைச்சுரம்தான் இறங்குகிறது. ஜி மேஜர் செவன் வரும்போது அந்த எஃப் ஷார்ப் இடத்தை விட்டு நகரவே இல்லை. விரல் இவ்வளவு குறைவாக அசைந்து பாட்டு இவ்வளவு தூரம் போவதைக் கண்ட அன்று யாருக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லை.

ஜாஸ் பியானோ கலைஞர் எரோல் கார்னருக்கு நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய 'மிஸ்டி' இன்று அச்சில் நம் முன்னால் இருக்கிறது. வாசித்ததைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதனால்தான் ஒளிநகல் வேண்டாம், புத்தகமாகவே வாங்குவோம் என்று செயலவையில் வற்புறுத்தினேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு தாளில் 32 பார் (bar, தாளக் கட்டம்) இருக்க வேண்டிய இடத்தில் 31தான் இருந்தது. நடுப்பகுதியில் ஒரு பார் விடுபட்டுப் போயிருக்கிறது. இரண்டு வாரம் பிள்ளைகளைத் தாளம் தப்புகிறது என்று திருத்திக்கொண்டிருந்தோம். அவர்களிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். இனி எந்தத் தாளையும் எண்ணிப் பார்த்த பிறகே கொடுப்போம்.

பத்துச் சுர அகலம் எட்டாத சின்னக் கைகளுக்காக, சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழிருந்து மேலாக உருட்டி வாசிக்கும்படி பென்சிலில் நெளிகோடு போட்டிருக்கிறோம். இரவல் எடுத்தவர்கள் புத்தகங்களை அடுத்த பயிற்சிக்குள் திருப்பித் தாருங்கள். அந்தக் கோடுகளையும் விரல் எண்களையும் மட்டும் அழித்துவிட வேண்டாம். அடுத்து எடுப்பவருக்கு அவை தேவைப்படும்.

செயலாளர்