கபசுரக் குடிநீர் ஆய்வுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2020-இல் தெருமுனைகளில் அண்டா வைத்துக் காய்ச்சிக் கொடுத்த கபசுரக் குடிநீர், லேசான கொரோனாத் தொற்றில் எந்த அளவுக்கு உதவுகிறது என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர்கள் வராது. ஆனால் அந்தக் கட்டுரையை நம்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது உங்கள் வேலைதான்.

மூலிகை பறித்துத் தந்தவர்களுக்கு முதல் வணக்கம். நிலவேம்பைப் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து நிழலில் உலர்த்தினீர்கள். காய் முற்றிவிட்டால் அதன் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு குறைந்துபோகும். சிறுகாஞ்சொறியின் சுணை பட்டுக் கை தடித்தாலும் வேர் அறாமல் தோண்டினீர்கள். கற்பூரவல்லி சதைப்பற்றான இலை. குவித்துப் போட்டால் உள்ளே கறுத்துப் பூசணம் பிடிக்கும். அதை ஒற்றை அடுக்காகப் பரப்பி, வேளை தவறாமல் புரட்டிப் போட்ட அக்காமார்களுக்குத் தனி நன்றி.

நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கோஷ்டம் என்ற வேரின் பெயரில் புஷ்கரமூலம் என்ற வேறொரு வேர் வருவது சந்தையில் புதிதல்ல. அக்கரகாரம் வட ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி. வேரைக் கடித்தால் நாக்கு விறுவிறுக்க வேண்டும். விறுவிறுக்காத மூட்டையை, தம் சரக்கென்றும் பாராமல், "இது வேண்டாம்" என்று ஒதுக்கிவைத்தார்கள்.

சீந்திலில்தான் எங்களுக்குப் பயம் அதிகம். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகமோ, அவர்கள் உட்கொண்டது சீந்திலைப்போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கிரிஸ்பாவின் தண்டு முழுக்க மருமருவாக இருக்கும். நம் சீந்திலில் காகிதம்போன்ற மெல்லிய தோல் உரியும். ஒவ்வொரு மூட்டையிலும் தண்டு எடுத்துப் பார்த்த தாவரவியல் ஆசிரியர்களுக்கு நன்றி. அதன் பிறகும் பங்கேற்பாளர் எல்லோருக்கும் கல்லீரல் பரிசோதனை செய்தோம், தொடக்கத்திலும் முடிவிலும்.

காய்ச்சியவர்களே, உங்கள் பொறுமைக்கு என்ன சொல்வது! பதினைந்து சரக்கும் சம எடை. ஒன்றிரண்டாக இடித்த பொடி 5 கிராம், தண்ணீர் 240 மி.லி., சிறுதீயில் 60 மி.லி.யாக வற்றவேண்டும். தீயைக் கூட்டினால் சத்து இறங்கும் முன்பே தண்ணீர் வற்றிவிடும். மாவாக அரைத்தால் அடிப்பிடிக்கும், வடிகட்டவும் வராது. இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மைபோல் கறுக்கும். காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைக்காமல், இரு வேளையும் புதிதாகக் காய்ச்சினீர்கள்.

மருந்துப்போலி, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தைப்போலவே தோன்றும் மருந்தில்லாத கஷாயம், தயாரித்த மருந்தாளுநர்கள் பட்ட பாடு வெளியே தெரியாது. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, கசப்புக்குத் துளியளவு டெனடோனியம் என்ற கடுங்கசப்பு வேதிப்பொருள். கிராம்பின் மணம் இல்லாததுதான் போலியைக் காட்டிக்கொடுத்தது. அதைச் சேர்த்தால் போலியும் மருந்தாகிவிடும். மூடிபோட்ட குவளையும், மருந்து கொடுப்பவர் வேறு, நோய்க்குறி கேட்டு எழுதுபவர் வேறு என்ற ஏற்பாடும் ஓரளவுக்குக் காப்பாற்றின.

ஆய்வகத் தோழர்கள் ஒரு நல்ல செய்தியைக் கெடுத்தார்கள், அதற்காகவே நன்றி. கஷாயம் வைரஸ் நொதியைத் தடுக்கிறது என்று முதல் சோதனை காட்டியது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின், நொதி உட்பட எந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும் குணமுடையது. அதை நீக்கிவிட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தியது அவர்கள்தான். நீக்கியதும் அந்தத் தடுப்பு பெருமளவு மறைந்தது. கட்டுரையில் அதையும் எழுதியிருக்கிறோம்.

புள்ளியியல் ஆசிரியருக்கு: லேசான தொற்று பெரும்பாலும் தானே ஆறும், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எண்ணாதீர்கள் என்று கறாராக நின்றீர்கள். நோய்க்குறி தொடங்கிய நாளை வைத்தே இரு குழுவையும் ஒப்பிட்டீர்கள். சி.டி. மதிப்பில் (பி.சி.ஆர். சோதனையில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்ற எண்) 3.3 வேறுபாடு என்றால் வைரஸ் அளவில் சுமார் பத்து மடங்கு. ஆனால் மூக்கில் குச்சி விட்ட விதமே அந்த எண்ணை மாற்றிவிடும் என்றும் எச்சரித்தீர்கள். தாய்லாந்தின் நிலவேம்பு ஆய்வறிக்கை ஒன்று கணக்குப் பிழையால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை.

செவிலியர்களும் தொலைபேசித் தன்னார்வலர்களும் குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே ஆக்சிஜன் அளவை எழுதச் சொன்னார்கள். 94-க்குக் கீழே போனவர்களைக் கஷாயத்தை நம்பி வீட்டில் இருக்கவிடாமல் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எந்தக் குவளையில் எது இருக்கிறதென்று தெரியாமலே, அந்தக் கசப்பை முகம் சுளித்துக் குடித்த பங்கேற்பாளர்களுக்கு எங்கள் கைகூப்பிய நன்றி.

ஒரு வேண்டுகோள்: ஆய்வில் மீந்த பொடி கிடைக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். அது நாட்பட்டது, கிராம்பு, திப்பிலி மணமே போய்விட்டது. கொடுப்பதாக இல்லை. கடையில் வாங்குவோர் தயாரித்த தேதியைப் பாருங்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், ஏற்கெனவே வேறு மாத்திரை எடுப்பவர்கள் சித்த மருத்துவரிடமும், மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடமும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்