வானொலியின் அன்றாட உரையாடலைக் கைவிடலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நடப்பையும் கலை, இலக்கியம், வரலாறு ஆகியவற்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, விவரம் அறிந்த ஒருவரோடு முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ நிதானமாகப் பேசும் வானொலி நிகழ்ச்சிகள் பல நாடுகளில் இன்றும் நாள்தோறும் ஒலிபரப்பாகின்றன. பாட்காஸ்ட் பெருகிவிட்ட பிறகு இவற்றுக்கென்று தனியே நேரம் ஒதுக்கி ஆளும் பணமும் செலவிட வேண்டுமா, வேண்டியவர்கள் வேண்டியதைத் தேடிக் கேட்டுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றினாலும், இந்நிகழ்ச்சிகளின் ஆழம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நாள் தவறாமல் நடப்பதிலிருந்தும், ஒலிபரப்பின்போது நம் காதில் விழாத தயாரிப்பு உழைப்பிலிருந்தும் அந்த ஆழம் வருகிறது. இவ்விரண்டையும் குறைத்துவிட்டு உரையாடலை மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதற்கு, அமெரிக்காவின் சிகாகோ நகரில் டபிள்யூ.எஃப்.எம்.டி. நிலையத்தில் ஸ்டட்ஸ் டெர்கல் நடத்திவந்த நிகழ்ச்சியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1952 முதல் 1997 வரை, 45 ஆண்டுகள், வாரநாள்தோறும் ஒரு மணி நேரம் அவர் குரல் ஒலித்தது. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1961இலும், பெயர் பரவத் தொடங்காத இளம் பாடகராக பாப் டிலன் 1963இலும், மார்ட்டின் லூதர் கிங் 1964இலும் அவரோடு பேசினார்கள். புகழ்பெற்றவர்களிடம் காட்டிய அதே அக்கறையைச் சாதாரண மக்களிடமும் அவர் காட்டினார். ஓர் எழுத்தாளர் வருகிறார் என்றால் அவருடைய நூலை முழுவதும் படித்து, பக்க ஓரங்களில் குறிப்பெழுதி, கோடிட்டு எடுத்துவந்து உட்காருவார். ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளுவதில் மட்டும் அவருக்குத் தடுமாற்றம் உண்டு. நாடா சுழலவில்லை என்று எதிரே இருப்பவரே சுட்டிக்காட்ட நேரும்போது, பேச வந்த அவருடைய கூச்சம் விலகிவிடும் என்று டெர்கலே சொல்லியிருக்கிறார்.

அந்த 5,000க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் பின்னர் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வந்து, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் துணையோடு எண்மியமாக்கப்பட்டு, 2018 முதல் படிப்படியாக இணையத்தில் கேட்கக் கிடைத்துவருகின்றன. இந்தப் பெருஞ்சேகரத்தை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. நாளைய ஒரு மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் அதை உருவாக்கியது. மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்குப் பெரிய பெயர்களை மட்டும் அழைத்தால் போதும். நாள்தோறும் நடக்கும் நிகழ்ச்சிக்கோ, பெரிய பெயர்கள் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். அதன்பின் தயாரிப்பாளர் நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒத்திகை மேடைக்கும் சிற்றூருக்கும் போய், யாரும் மைக்கை நீட்டியிராத மனிதர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். டிலனை டெர்கல் பேசவைத்த ஆண்டைப் பாருங்கள். புகழ் உறுதியான பிறகு அழைப்பதற்கு எல்லோரும் இருக்கிறார்கள். அதற்கு முன்பே அழைக்கும் துணிவை அன்றாடத் தேவை கொடுக்கிறது.

நடப்புச் செய்தியும் பண்பாடும் ஒரே நிகழ்ச்சியில் இருப்பதன் பயனும் அன்றாடத் தொடர்ச்சியில்தான் விளங்குகிறது. எங்கோ ஒரு போர் மூள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அந்நாட்டில் பணியாற்றிய தூதுவர் பேசுவார். அடுத்த நாள் எல்லைக்கோடு எப்போது, யாரால் வரையப்பட்டது என்று ஒரு வரலாற்றாசிரியர் விளக்குவார். அதற்கடுத்த நாள் அந்நாட்டுக் கவிதைகளை மொழிபெயர்த்த ஒருவர், அங்குள்ள மக்கள் தங்கள் ஊரையும் ஆற்றையும் எப்படிப் பாடுகிறார்கள் என்று சொல்லுவார். மூன்றையும் கேட்ட நேயருக்கு நான்காம் நாள் தலைப்புச் செய்தி வேறு பொருள் தரும். செய்தி ஒரு பிரிவு, இலக்கியம் வேறொரு பிரிவு என்று தனித்தனி அலைவரிசைகளில் அடைத்துவிட்டால் இந்தச் சேர்க்கை நேராது. பிரான்சு நாட்டின் பிரான்ஸ் கல்ச்சர் வானொலியில் ஒரே விருந்தினரோடு திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள்கள், நாளுக்கு அரை மணி நேரம் பேசும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அவர் முந்தைய நாள் சொன்னதைச் சுமந்துகொண்டு அடுத்த நாள் வருகிறார். நேயரும் அப்படியே வருகிறார்.

தயாரிப்பு உழைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்கன நடவடிக்கை என்று வரும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். ஒரு மணி நேர உரையாடலுக்குப் பின்னால், விருந்தினரோடு முன்கூட்டியே தொலைபேசியில் நெடுநேரம் பேசி, அவர் எதைத் தெளிவாகச் சொல்கிறார், எதில் மழுப்புகிறார் என்று குறித்துவைக்கும் தயாரிப்பாளர் இருக்கிறார். அவருடைய பழைய பேட்டிகளைத் தோண்டி எடுத்து, பத்தாண்டுகளுக்கு முன் அவர் சொன்னதும் இன்று சொல்வதும் எங்கே முரண்படுகின்றன என்று காட்டும் ஆய்வு உதவியாளர் இருக்கிறார். ஆண்டுகளையும் எண்களையும் சரிபார்ப்பவர் ஒருவர், பெயர்களை எப்படி ஒலிக்க வேண்டும் என்று விசாரித்து வைப்பவர் ஒருவர். தொகுப்பாளர் கையில் உள்ள இரண்டு மூன்று தாள்களில் இத்தனை பேரின் உழைப்பும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த உழைப்பின் பலன் எந்த இடத்தில் தெரியும் என்பதைக் கூர்ந்து கேட்பவர்கள் அறிவார்கள். பழக்கப்பட்ட விருந்தினர் ஒவ்வொருவரிடமும் பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள் சில இருக்கும். முதல் பத்து நிமிடங்கள் அவற்றிலேயே கழியும். பிறகு தொகுப்பாளர், அந்தப் பதில்களுக்குள் அடங்காத ஒரு சிறு விவரத்தைக் கேட்பார்: அவருடைய அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள ஓர் அட்டவணை, இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு பத்தி, பதவி விலகலுக்கும் மறுநியமனத்துக்கும் நடுவே விடுபட்ட ஆறு மாதங்கள். எதிர்முனையில் மூன்று நான்கு நொடிகள் சத்தமே இருக்காது. காகிதம் புரளும் ஓசை மட்டும் கேட்கும். தொகுப்பாளர் அந்த இடைவெளியைத் தம் பேச்சால் நிரப்பாமல் காத்திருப்பார். அதன்பின் வரும் பதில், அந்த மனிதர் அங்கேயே, அப்போதே யோசித்துச் சொல்லும் பதிலாக இருக்கும். அறிக்கையைப் படிக்காத தொகுப்பாளரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அடுத்த விளம்பரத்துக்கு நேரமாகிவிட்ட நிகழ்ச்சியில் அந்த நான்கு நொடிகளுக்கு இடமே கிடையாது.

இனிய குரல்தான் வானொலிக்கு முதல் தகுதி என்பவர்களுக்கு வாஷிங்டன் நகரின் வானொலித் தொகுப்பாளர் டயான் ரீமை நினைவூட்டலாம். குரல் நாண்களைப் பாதிக்கும் ஒரு நரம்புக் கோளாறு அவருக்கு இருப்பது 1998இல் கண்டறியப்பட்டது. அதன்பின் தடைபட்டு, மெதுவாக, திணறியே வந்த குரலோடு 2016 இறுதி வரை அவர் நாள்தோறும் உரையாடல் நடத்தினார், நேயர்கள் விலகவில்லை. ஆயத்தமாக வந்து, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவரோடு பேச அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் வரிசையில் வந்தார்கள்.

அமெரிக்க ஒலிபரப்பு வரலாற்றில் 1987ஆம் ஆண்டு இரு வேறு பாதைகளைக் காட்டுகிறது. சர்ச்சைக்குரிய பொருள்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று நிலையங்களைக் கட்டுப்படுத்திய நியாயக் கோட்பாட்டை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அவ்வாண்டில் கைவிட்டது. அதன்பின், ஒரே கட்சிக்காரர் மணிக்கணக்கில் முழங்கும் பேச்சு வானொலி நாடெங்கும் பரவியது. அதே 1987இல்தான், பிலடெல்பியாவில் டெர்ரி கிராஸ் 1975 முதல் நடத்திவந்த 'ஃபிரெஷ் ஏர்' என்னும் உரையாடல் நிகழ்ச்சி நாடு தழுவிய அன்றாட நிகழ்ச்சியாயிற்று. முழக்கத்துக்கு ஆயத்தம் தேவையில்லை, செலவும் குறைவு, கூட்டமும் உடனே சேரும். நிதானமான உரையாடலோ, செலவு பிடிப்பது, மெல்ல மெல்ல வேர்விடுவது. சந்தையின் போக்குக்கே விட்டுவிட்டால் எது நிலைக்கும் என்பது வெளிப்படை. ஆகவேதான் இது பெரும்பாலும் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் கடமையாக இருந்து வந்திருக்கிறது.

பாட்காஸ்டை நான் குறை கூறவில்லை. தவறவிட்ட உரையாடலை விரும்பிய நேரத்தில் கேட்க முடிவதும், பழைய ஒலிப்பதிவுகள் பெட்டிகளில் மக்கிப்போகாமல் மீண்டும் உயிர்பெறுவதும் பெரும் பேறு. ஆனால் அங்கே நாம் ஏற்கெனவே விரும்புவதையே தேர்ந்தெடுக்கிறோம். நாம் தேர்ந்தெடுத்ததைப் போன்றதையே கணினியும் மேலும் மேலும் நீட்டுகிறது. வானொலியைத் திறந்தால், கழிவுநீர் மேலாண்மை பற்றியோ மறந்துபோன ஓர் ஓவியரைப் பற்றியோ, நாமாகத் தேடியிருக்கவே மாட்டாத ஒரு பொருளைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கேட்டபின் எழுந்துபோக மனம் வருவதில்லை. மேலும், அன்றாட நிகழ்ச்சிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நேற்று தவறாகச் சொன்னதை இன்று அதே நேரத்தில், அதே நேயர்கள் முன்னிலையில் அது திருத்தியாக வேண்டும். நேற்றைய விருந்தினரின் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் இன்று பதில் சொல்ல இடம் கேட்கலாம். தொகுப்பாளரும் நாளை திரும்பி வர வேண்டியவர் என்பதால், கண்டபடி பேசிவிட்டுப் போய்விட முடியாது.

நேயர்களின் பங்கும் இதில் அடங்கியது. கனடாவின் சி.பி.சி. வானொலி 1968இல் தொடங்கிய 'ஆஸ் இட் ஹேப்பன்ஸ்', நிகழ்வு நடக்கும் இடத்தில் இருப்பவரையே தொலைபேசியில் அழைத்துப் பேசவைக்கும் முறையைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 1991 முதல் 2024 வரை 'லேட் நைட் லைவ்' நடத்திய பிலிப் ஆடம்ஸ், தம் நேயர்கள் அனைவரையும் கிளாடிஸ் என்ற ஒரே பெயரில் விளித்து, ஒருவரோடு பேசுவதுபோலவே பேசினார். கூட்டத்தை நோக்கிப் பேசும் தொனி அங்கே எழவே இல்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. சில நிலையங்களில் கைக்கு எட்டும் பத்துப் பன்னிரண்டு பேரே எல்லாப் பொருளுக்கும் வந்து போகிறார்கள். மரியாதை என்ற பெயரில் அமைச்சரிடம் ஒரு கடினமான கேள்வியும் எழுவதில்லை. அண்மைக் காலமாக, ஒரு மணி நேர உரையாடலிலிருந்து காரமான முக்கால் நிமிடத்தை மட்டும் நறுக்கிச் சமூக ஊடகங்களில் உலவவிடும் வழக்கமும் சேர்ந்திருக்கிறது. அந்தத் துண்டுதான் நாளை பரவப்போகிறது என்று தெரிந்தபின் விருந்தினர் அந்தத் துண்டுக்காகவே பேசத் தொடங்குகிறார். தொகுப்பாளரும் அதற்காகவே கேட்கத் தொடங்குகிறார். முழு உரையாடலின் இணைப்பு இல்லாமல் எந்தத் துண்டையும் வெளியிடுவதில்லை என்று நிலையங்கள் ஒரு விதி வகுத்துக்கொள்வது நல்லது.

நிதி நெருக்கடி இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சுறுத்தல். 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. இணையச் சேவை தொடர்ந்தாலும், குறித்த நேரத்துக்குக் காத்திருந்து கேட்டவர்களுக்கு அது ஈடாகவில்லை. அமெரிக்காவில் பொது ஒலிபரப்புக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை அந்நாட்டு நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றது. இத்தகைய வெட்டுகளில் பெரிய நகரங்களின் நிலையங்கள் எப்படியோ தப்பிப் பிழைக்கும். நேயர்களின் நன்கொடை போதாத சிறிய நிலையங்கள் ஆய்வாளர்களையும் தயாரிப்பாளர்களையும் அனுப்பிவிட்டு, வேறிடத்தில் தயாரானதை வாங்கி ஒலிபரப்பும் நிலைக்குத் தள்ளப்படும். தொகுப்பாளர் அதே ஆளாகவே இருப்பார். அவர் கையில் இருக்க வேண்டிய தாள்கள்தாம் இருக்காது.

நாளிதழ்கள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தாங்கள் திரைப்படத்துக்கும் நூலுக்கும் நாடகத்துக்கும் விமர்சனம் வெளியிடுகிறீர்கள். ஒரு வானொலி உரையாடல் நன்றாக அமைந்ததா, தொகுப்பாளர் கேட்கத் தவறிய கேள்வி எது, விருந்தினர் சொன்ன எண்கள் சரிதானா என்று வாரம் ஒருமுறையாவது ஒரு பத்தி எழுதச் செய்ய வேண்டுகிறேன். முன்பு வெளியிட்டு வந்ததுபோல் வானொலி நிகழ்ச்சி நிரலையும், குறைந்தது உரையாடல் நிகழ்ச்சிகளின் பொருளையும் விருந்தினர் பெயரையும் மட்டுமாவது, நாள்தோறும் அச்சிட்டால் பலர் பயன்பெறுவார்கள். வானொலியில் ஒருவர் சொன்னதைச் செய்தியாக்கும்போது அந்த நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் குறிப்பிடுமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறேன். நல்ல உரையாடலைக் கேட்ட வாசகர்கள், தொகுப்பாளரைப் பாராட்டி எழுதும்போது அதன் தயாரிப்பாளரின் பெயரையும் கேட்டறிந்து நிலைய இயக்குநருக்கு எழுதட்டும். அடுத்த ஆண்டின் செலவுத் திட்டத்தில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் மேசைக்கு அந்தக் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வானொலி நேயர்